நாபோத்தின் தோட்டமும் காவிரிப் படுகையும்: நம் அருளுரைகளைப் பற்றிய ஒரு திறனாய்வு

இறையியல் மாணவர் ஒருவர் வார இறுதி ஊழியத்திற்காகக் காவிரிப் படுகையிலுள்ள சிற்றூர்ச் சபை ஒன்றிற்குச் சென்றார். 1 இராஜாக்கள் 21ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, எண்ணெய்க் கிணறுகளையும் நாபோத்தின் திராட்சத்தோட்டத்தையும் இணைத்து அருளுரை ஆற்றினார். ஆகாப் யார், யேசபேல் யார் என்பதை விளக்க வேண்டிய தேவையே அவருக்கு எழவில்லை, சபையாரே புரிந்துகொண்டனர். ஆராதனை முடிந்தபின் மூதாட்டி ஒருவர் அவரிடம் வந்து, "தம்பி, அந்த நாபோத்து தோட்டத்துல கூலிக்குப் போனவங்க யாரு? அவங்க என்ன ஆனாங்க?" என்று கேட்டாராம். மாணவரிடம் விடை இல்லை. திரும்பி வந்து நம்மிடம் கேட்டார். நம்மிடமும் உடனடியாக விடை இல்லை.

அவ்வினாவை ஒட்டியே இக்கட்டுரை எழுகிறது. படுகை நிலத்தில் எரிபொருள் எடுப்பதைப் பற்றிய பொது விவாதத்தில் திருச்சபைப் பிரசங்க மேடையும் ஓரளவு பங்கு பெற்றுள்ளது. அப்பங்களிப்பில் நாபோத்தின் கதையே ஏறத்தாழ ஒரே திருமறைப் பகுதியாக வழங்கி வருகிறது. அக்கதையை நாம் சரியாக வாசிக்கிறோமா என்பதே நமது கேள்வி. போராட்டம் நியாயமானதா என்பதை ஈண்டு நாம் புதிதாக ஆராயப் புகவில்லை. அது பெரும்பாலும் நியாயமானதே என்ற நிலையில் நின்றுதான் எழுதுகிறோம்.

நடந்தவற்றை முதலில் சுருங்கக் காண்போம். படுகையில் எண்ணெய் தேடும் பணி புதியதன்று. 1960களிலேயே ஆழ்துளைகள் இடப்பட்டன. 1980களில் நரிமணத்தில் எண்ணெய் எடுக்கப்பட்டது. 1993இல் நாகப்பட்டினத்தை அடுத்த பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை அமைந்தது. அக்காலத்தில் பெரிய எதிர்ப்பு எழவில்லை. மன்னார்குடி வட்டாரத்தில் ஏறத்தாழ 690 சதுர கிலோமீட்டர் பரப்பில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்கத் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு 2010இல் ஒப்பந்தம் அளிக்கப்பட்ட பின்னரே நிலைமை மாறியது. இவ்வகை எரிவாயு நிலக்கரியின்மேல் நீரின் அழுத்தத்தால் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அழுத்தத்தைத் தளர்த்த வேண்டுமானால் நிலக்கரி அடுக்கிலுள்ள நீரை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இறைத்து வெளியேற்ற வேண்டும். அந்நீரோ பெரும்பாலும் உவர்நீர். மேட்டூர் அணை திறப்பு ஒவ்வோர் ஆண்டும் ஐயத்திற்குரியதாகி, ஆழ்குழாய்க் கிணற்றையே நம்பி, கடலோரத்தில் உவர் ஏறுவதைக் கண்டு அஞ்சிக்கொண்டிருந்த உழவர்க்கு இச்செய்தி எப்படிப்பட்டதாயிருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று இதைப் பேசினார். அப்பயணத்திலேயே 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியில் மறைந்தார். 2015 அக்டோபரில் தமிழக அரசு வல்லுநர் குழுவின் அறிக்கையை ஏற்று இத்திட்டத்திற்குத் தடை விதித்தது.

தடை நீடித்தது, பெயர்தான் மாறியது. 2017 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசல் உள்ளிட்ட சிறு எண்ணெய், எரிவாயு வயல்களை ஏலத்தில் அளிக்க மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்தது. மறுநாளே, பிப்ரவரி 16 அன்று, ஊர் மக்கள் பந்தலிட்டு அமர்ந்தனர். அவ்வாண்டு ஜூன் 30 அன்று தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டது, தீ எழுந்தது, காவலர் தடியடி நடத்தினர். பேராசிரியர் த. செயராமனும் வேறு சிலரும் சிறை சென்றனர். 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நிறைவேறியது. 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு ஆகிய இடங்களை நிலக்கரி ஏலப் பட்டியலில் சேர்த்து, எதிர்ப்பு எழுந்தவுடன் சில நாட்களில் நீக்கினர்.

இவ்விவாதத்தில் அரசுத் தரப்பு பேசிய மொழியை முழுவதும் பொய் என ஒதுக்குதல் முறையன்று. நம் நாடு தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 80 விழுக்காட்டுக்கு மேல் அயல்நாடுகளிலிருந்து வாங்குகிறது. படுகையின் எரிவாயுவே குத்தாலத்திலும் திருமாக்கோட்டையிலும் மின்சாரமாகிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி எரிவதனால்தான் இதை எழுதும் மேசைக்கு மேல் மின்விசிறி சுழல்கிறது. அந்நெய்வேலிக்காகக் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் 2023 ஜூலையில் கதிர்விடும் பருவத்திலிருந்த நெல்லை மண் வாரும் இயந்திரங்கள் புரட்டிப் போட்டதையும் நாம் கண்டோம். மின்விசிறியை நிறுத்திவிட்டு எழுதுவது ஒரு நடிப்பாகவே இருக்கும். ஆகவே அதைச் செய்யவில்லை.

நெடுவாசலில் போராடியவர்கள் விவரம் அறியாதவர்கள், மீத்தேனையும் ஹைட்ரோகார்பனையும் குழப்பிக்கொண்டு வதந்திக்கு இரையானவர்கள் என்பது தொழில்நுட்பம் அறிந்தோர் பலர் சொன்ன குறை. ஒருவகையில் அது உண்மை. நெடுவாசலில் கண்டறியப்பட்டது நிலக்கரிப் படுகை மீத்தேன் அன்று. மேடைகளில் இரண்டும் ஒன்றாகவே பேசப்பட்டன. ஆயினும் குழப்பத்தை முதலில் செய்தவர் யார்? எண்ணெய், எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், பாறைவாயு அனைத்திற்கும் ஒரே உரிமம் போதும் என்று 2016இல் கொள்கை வகுத்தது அரசே. வேறுபாடுகளைச் சட்டத்திலிருந்து அழித்துவிட்டு, அவ்வேறுபாடுகளை அறியவில்லையென்று கிராமத்தாரைப் பழிப்பது பொருந்தாது. ஒரு பெயரில் தடுக்கப்பட்டது மற்றொரு பெயரில் வரும் என்று அவர்கள் அஞ்சியது அறியாமையன்று, அனுபவம்.

இனி நாபோத்துக்கு வருவோம். இக்கதையை நம் போதகர்கள் தேர்ந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. ஆனால் அவர்கள் பெரும்பாலும் ஆகாபின் பேராசையைப் பேசிவிட்டு எலியாவின் சாபத்துக்குத் தாவிவிடுகிறார்கள். இடையிலுள்ள பகுதியில்தான் பொருள் செறிந்திருக்கிறது.

முதலில், ஆகாப் கேட்ட கேள்வி நேர்மையற்றதன்று. அதைவிட நல்ல தோட்டம், அல்லது அதன் விலை என இரண்டு வழிகளை அவன் முன்வைக்கிறான். இன்றைய எந்த நில எடுப்பு அலுவலரும் இதைக் குறை கூறமாட்டார். நாபோத் மறுத்தது இழப்பீடு குறைவு என்பதனால் அன்று. அது தன் பிதாக்களின் சுதந்தரம் என்பதனால். நம் பழைய மொழிபெயர்ப்பில் சுதந்தரம் என்ற சொல் வழிவழி வரும் உரிமைப் பங்கைக் குறிக்கிறது. ஆனால் அதை வாசிக்கக் கேட்கும் சபையாரில் பலர் சுதந்திரம் என்றே கேட்கிறார்கள். நாமும் சிறு வயதில் அப்படியே கேட்டோம். பிழைதான், ஆனால் பயனற்ற பிழையன்று. விலைக்கு விற்க முடியாத ஒன்று தன்னிடம் உண்டு என்று சொல்லும் மனிதன் அந்த அளவில் அரசனுக்கு அடங்காதவன்.

அடுத்து வருவது கடிதங்கள். யேசபேல் படையை அனுப்பவில்லை. அரசனின் முத்திரையிட்டுக் கடிதம் எழுதுகிறாள், ஊர் மூப்பர் உபவாசம் கூறுகிறார்கள், சபை கூடுகிறது, நாபோத்தை முன்னிலையில் உட்கார வைக்கிறார்கள், பேலியாளின் மக்கள் இருவர் சாட்சி சொல்கிறார்கள். எல்லாம் முறைப்படியே நடக்கிறது. குற்றச்சாட்டு நிலத்தைப் பற்றியதே அன்று. தேவனையும் அரசனையும் தூஷித்தான் என்பதே. நிலம் தர மறுத்தவன் நாட்டுப் பகைவனாக மாற்றப்படுகிறான். பொது விவாதம் எப்படிச் சீரழிகிறது என்பதற்கு இதைவிடக் கூர்மையான சித்திரத்தை நாம் திருமறையில் வேறெங்கும் காணவில்லை.

கூடங்குளத்தை நினைவுகூர்வோம். 2011இல் இடிந்தகரை லூர்து மாதா ஆலய வளாகத்தில் கூடிய மீனவ மக்களின்மேல் ஆயிரக்கணக்கில் தேசத்துரோக வழக்குகள் பதிவாயின. 2012 பிப்ரவரியில் அந்நாளைய பிரதமரே, இப்போராட்டத்தின் பின்னணியில் அயல்நாட்டு ஆதரவு பெற்ற தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகக் கூறினார். சில நிறுவனங்களின் அயல்நாட்டு நன்கொடை அனுமதி ரத்தாயிற்று. 2013 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அணுமின் நிலையத்திற்கு இசைவளித்த அதே தீர்ப்பில், மக்கள்மேல் தொடுத்த வழக்குகளை இயன்றவரை திரும்பப் பெறும்படியும் அறிவுறுத்தியது. அதற்குப்பின் நம் திருச்சபைகள் பல இத்தகைய விவாதங்களில் வாய் திறக்குமுன் தங்கள் வங்கிக் கணக்கை நினைத்துக்கொள்ளப் பழகிவிட்டன. இதை நாம் பிறரைக் குறித்து மட்டும் சொல்லவில்லை.

யெஸ்ரயேலின் மூப்பர் கூட்டிய சபை பொய்ச் சபையாயினும் ஒரு சபை கூட்டப்பட்டது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை 2020 ஜனவரி 16 அன்று திருத்தியபோது, எண்ணெய், எரிவாயு தேடுவதற்கான துரப்பணத்திற்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமே தேவையில்லை என்றாக்கினர். பொய்ச்சாட்சிக்கும் வேலையில்லாமற் போயிற்று. இப்பகுதியை எடுத்து அருளுரை ஆற்றுவோர் இவ்விடத்தில் நின்று பேசியிருந்தால் சபைக்கு மெய்யான உதவியாக இருந்திருக்கும்.

இவ்வளவும் நம் அருளுரைகள் தவறவிட்ட வலிமை. அவற்றின் குறைபாடு வேறிடத்தில் உள்ளது. மூதாட்டி அதைத்தான் தொட்டார்.

நாபோத்தின் சுதந்தரத்திற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. யோசுவாவின் நூலில் கோத்திரம் கோத்திரமாக, வம்சம் வம்சமாகச் சீட்டுப் போட்டு நிலம் பகிரப்படுகிறது. நிலம் கர்த்தருடையது, குடிகள் அதில் தங்கிச் செல்பவர்கள் என்று லேவியராகமம் 25ஆம் அதிகாரம் அதற்கு அடிப்படை இடுகிறது. ஆதலால் நாபோத் காத்தது தனியுடைமையை அன்று. ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒரு பங்கு என்ற ஏற்பாட்டை. தஞ்சைப் பட்டாவுக்குப் பின்னால் இருக்கும் வரலாறு இதுவோ? மிராசுதார், மடம், கோயில், பண்ணை என்று நிலம் ஒருபுறம் குவிந்திருக்க, அதை உழுது நட்டு அறுத்தவன் பண்ணையாளாகவே பிறந்து பண்ணையாளாகவே இறந்தான். அவனை விருப்பம்போல் வெளியேற்றக் கூடாது என்பதற்கே 1952இல் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டமும் நிலைமையைப் பெரிதும் மாற்றிவிடவில்லை. அவனுக்கென்று யாரும் சீட்டுப் போடவில்லை. பட்டாவையும் சுதந்தரத்தையும் ஒன்றென்று வைத்து அருளுரை ஆற்றும்போது நாம் இந்த வரலாற்றின்மேல் திருமறையைப் போர்த்திவிடுகிறோம்.

1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, நெல் கூலியில் உயர்வு கேட்ட தகராறில், கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அனைவரும் தாழ்த்தப்பட்ட வேளாண் கூலிக் குடும்பத்தார். நிலக்கிழார்கள் பின்னர் உயர் நீதிமன்றத்தில் விடுதலையாயினர். கிறிஸ்து பிறப்புத் திருநாளின் இரவு அது. இன்று நம் மேடைகளில் சோறூட்டும் தாய்மடி என்று போற்றப்படும் அதே மண்ணில்தான் அது நிகழ்ந்தது. தாய்மடி என்ற சொல்லை நாம் வெறுக்கவில்லை. ஆனால் அம்மடியில் யாருக்கு இடம் இருந்தது என்று கேட்காமல் அச்சொல்லைப் பாடி முடிப்பது இயலாது.

இன்றைய நடைமுறையைப் பாருங்கள். கிணறு தோண்ட நிலம் குத்தகைக்கு எடுக்கப்படும்போது குத்தகைப் பணமும் பயிர் இழப்பீடும் பட்டா யார் பெயரிலோ அவரைச் சேரும். குழாய் பதிப்பதற்கு 1962ஆம் ஆண்டின் சட்டப்படி நிலத்தைக்கூட எடுப்பதில்லை, பயன்படுத்தும் உரிமையை மட்டுமே எடுக்கிறார்கள். அங்கே நடவுக்கும் களைக்கும் போனவருக்கு இழப்பு உண்டு. ஆனால் கணக்கில் அது ஏறுவதில்லை. 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் மூன்று ஆண்டுகள் அந்நிலத்தை நம்பி உழைத்த நிலமற்ற கூலிக் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று வரையறுத்தது. சட்டம் இயற்றியோர்க்கு எழுந்த அந்த எண்ணம் நம் அருளுரைகளில் எழாமற் போனது வருந்தத்தக்கது. 2020ஆம் ஆண்டின் வேளாண் மண்டலச் சட்டத்தை நாம் வரவேற்கிறோம். முன்பே இயங்கும் கிணறுகளை அது தொடவில்லை என்ற குறையுடன்தான் வரவேற்கிறோம். மண்டலத்தில் எந்தத் தொழிற்சாலை வரக்கூடாது என்பதை அது சொல்கிறது. அங்கே வேளாண்மையில் உழைப்பவர் யார், என்ன கூலிக்கு என்பது அதன் பொருளன்று.

இப்படிக் கேட்டால் போராட்டத்தின் ஒற்றுமை குலையும் என்று நண்பர்கள் சொல்வதை அறிவோம். நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் பந்தலில் அமர்ந்தவர்களில் பெண்கள் மிகுதி. அவர்களில் நிலமற்றோரும் இருந்தனர். நீர் கெட்டால் முதலில் குடம் தூக்கிக்கொண்டு நெடுந்தூரம் நடக்க வேண்டியவர்கள் அவர்களே என்பதால் அமர்ந்தனர். அவர்கள் அமர்ந்தது உண்மையென்றால், ஒலிபெருக்கியில் உழவர் என்ற ஒரே சொல்லால் அவர்களை விழுங்கிவிடுவது அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது.

வேறு வழி இதே மண்ணில் இருந்தது. கீழ்வெண்மணிக்குப் பின் நாகப்பட்டினம் வட்டாரத்தில் நிலமற்றோர்க்கு நிலம் பெற்றுத்தர உழைத்த கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981இல் அதற்கென ஓர் இயக்கத்தை நிறுவினர். 1990களில் கடலோரமெங்கும் இறால் பண்ணைகள் பெருகி நிலமும் நீரும் உவர்ந்தபோது அவற்றை எதிர்த்தவர்களும் அவர்களே. நிலமற்றோரின் கோரிக்கையும் மண்ணின் கோரிக்கையும் அங்கே ஒரே கையில் இருந்தன. ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மூடப்படும் பண்ணைகளின் தொழிலாளர்க்கு இழப்பீடு தரவும் ஆணையிட்டது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அத்தீர்ப்பின் வலுவைப் பின்னர்க் குறைத்துவிட்டது என்பது வேறு கதை. எரிபொருள் விவாதத்தில் இத்தகைய இணைப்பை நாம் அரிதாகவே காண்கிறோம். நம் கல்லூரிகளிலும் 1980களில் எழுந்த தலித் இறையியல் ஒரு பாடமாகவும், படைப்பின் ஒருமைப்பாட்டைப் பேசும் இறையியல் மற்றொரு பாடமாகவும் நடத்தப்படுகின்றன. வினாத்தாள்களும் தனித்தனியே.

நாபோத்தின் கதை 21ஆம் அதிகாரத்தோடு முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2 இராஜாக்கள் 9ஆம் அதிகாரத்தில் யெகூ ஆகாபின் மகனைக் கொன்று, பிணத்தை நாபோத்தின் நிலத்தில் எறியச் சொல்கிறான். நாபோத்தின் இரத்தத்தையும் அவன் பிள்ளைகளின் இரத்தத்தையும் நினைவுகூர்ந்தே அதைச் செய்கிறான். அரியணை யெகூவுக்குக் கிடைக்கிறது. தோட்டம் யாருக்குத் திரும்பியது என்பது எங்கும் எழுதப்படவில்லை. மீத்தேன் திட்டத்திற்கு மாநிலத்தின் சார்பில் 2011இல் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையொப்பமாயிற்று. பிறகு ஆண்ட கட்சி, எதிர்க்கட்சி எல்லாமே அத்திட்டத்தின் எதிரிகளாயின. நாபோத்தின் பெயரைச் சொல்லி வருகிறவர்களை வாழ்த்தி ஜெபம் ஏறெடுக்குமுன் போதகர்கள் இவ்வதிகாரத்தையும் ஒருமுறை வாசிப்பது நலம்.

அப்படியானால் மூதாட்டிக்கு என்ன விடை? நாபோத்தின் தோட்டத்தில் கூலியாட்கள் இருந்தார்களா என்பதை அப்பகுதி சொல்லவில்லை. ஆனால் ஒன்றுமில்லாதவர்கள் திராட்சத்தோட்டம் பெற்ற ஓர் இடம் திருமறையில் உண்டு. எரேமியா 39ஆம் அதிகாரத்தில் எருசலேம் வீழ்ந்தபின் பாபிலோனியத் தளபதி நேபுசராதான், நிலமுடையோரைச் சிறைப்படுத்திக்கொண்டு போய், எதுவுமற்ற ஏழைகளுக்கு அதே நாளில் திராட்சத்தோட்டங்களையும் வயல்களையும் கொடுக்கிறான். நம் மேடைகளில் இதைக் கேட்டதே இல்லை. கேட்க எளிதானதும் அன்று. தன் அரசரிடமும் பிரபுக்களிடமும் பெறாததை ஏழை, படையெடுத்து வந்தவன் கையிலிருந்து பெறுகிறான். துரப்பணத் தளத்தில் காவலாளி வேலையோ ஒப்பந்த வேலையோ கிடைத்த கூலிக்காரரின் மகன் அதை விட மறுக்கும்போது, அவனைத் துரோகி என்னுமுன் இப்பகுதி நம் நினைவுக்கு வர வேண்டும். பாபிலோன் நல்லதென்று எரேமியா சொல்லவில்லை. யூதாவில் என்ன நேர்ந்திருந்தால் அந்த ஏழைகளுக்குப் பாபிலோனின் கொடை தேவைப்பட்டிராது என்பதைத் தன் நூலின் முற்பகுதி முழுவதும் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறார். 34ஆம் அதிகாரத்தில் அடிமைகளை விடுவித்துவிட்டு மீண்டும் பிடித்துக்கொண்ட பிரபுக்களைப் பார்த்தால் போதும்.

மாணவர் அடுத்த மாதம் அதே சபைக்குச் சென்றபோது இப்பகுதியை அம்மூதாட்டிக்கு வாசித்துக் காட்டினார். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அதுக்கப்புறம் அது அவங்க கையில நின்னுச்சா?" என்றாராம். 40ஆம் அதிகாரத்தில் கெதலியாவின்கீழ் எஞ்சியிருந்தவர்கள் அவ்வாண்டு திராட்சரசமும் பழங்களும் மிகுதியாய்ச் சேர்த்தார்கள். 41ஆம் அதிகாரத்தில் கெதலியா கொலையுண்டான். 43ஆம் அதிகாரத்தில் எல்லாரும் எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஒரு பருவம்தான் அறுத்தார்கள் என்று மாணவர் சொல்லியிருக்கிறார். எத்தனை மரக்கால் என்று அவர் கேட்கவில்லை. களத்துக்குப் போக நேரமாயிற்று என்று எழுந்துவிட்டார்.